சடைநாய் வீட்டுக்கு வந்தால்: முதலில் சீப்பு, பிறகுதான் குளியல்

விலங்குக் காப்பகத்திலிருந்தோ, வேலை மாற்றலாகி வெளியூர் போகும் குடும்பத்திடமிருந்தோ ஒரு சடைநாய் வீட்டுக்கு வருகிறது. பெரும்பாலும் சனிக்கிழமையாக இருக்கும். காரிலிருந்து இறங்கும்போதே வாடை அடிக்கிறது, முடியெல்லாம் திரிதிரியாகத் தொங்குகிறது. வீட்டில் எல்லாரும் செய்யும் முதல் வேலை ஒன்றுதான்: வாசலில் நிறுத்தி, ரப்பர் குழாயைத் திறந்துவிட்டு, கைக்குக் கிடைத்த ஷாம்பூவைப் போட்டுத் தேய்ப்பது.

மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தால், முந்தின நாள் திரியாக இருந்த முடி தேங்காய் நார் மிதியடி போல இறுகிக் கிடக்கிறது. சீப்பு இறங்க மறுக்கிறது. இழுத்தால் நாய் கத்துகிறது. ஒரு வாரத்திற்குள், துண்டைக் கையில் எடுத்தாலே அது நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. “இந்த நாய்க்குக் குளிக்கவே பிடிக்காது” என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னும் சில மாதங்களில், “நம்மால் இதைப் பார்த்துக்கொள்ள முடியாது” என்ற பேச்சு எழுகிறது. ஏற்கனவே ஒருமுறை கைவிடப்பட்ட நாய் மறுபடியும் காப்பகத்து வாசலுக்குப் போவது பல சமயம் இப்படித்தான்.

இதில் நாயின் தவறு எதுவும் இல்லை. வேலையின் வரிசைதான் மாறிப்போனது.

சிக்கு விழுந்த முடி நனைந்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னி, காயும்போது இன்னும் இறுகும். துண்டால் பரபரவென்று துவட்டினால் கேட்கவே வேண்டாம். கம்பளி இழைகளை ஈரத்தில் தேய்த்தால் இறுகிப்போவதும் இப்படித்தான். இறுகிய சிக்கு வெறும் அழகுப் பிரச்சினையும் அல்ல. நாய் நடக்கும்போதும், உட்காரும்போதும், தலையைத் திருப்பும்போதும் அது தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். நம் தலைமுடியில் ஒரு கொத்தைப் பிடித்து யாராவது நாள் முழுவதும் இழுத்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அதற்கும் மேலாக, சிக்கின் அடியில் காற்றுப் படாது. நம் நாட்டுப் புழுக்கத்தில் அந்த இடம் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். தோல் வெந்து சிவக்கும், புண்ணாகும். புண்ணில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, நாய் கொஞ்சம் சோர்ந்திருப்பது போல மட்டும் தோன்றும். சடைநாய்க்கும் குட்டை முடி நாய்க்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். குட்டை முடி நாயின் தோலில் ஒரு சிறு கீறல் என்றாலும் கண்ணில் படும். சடைநாய் எல்லாவற்றையும் முடிக்குள் மறைத்து வைத்துக்கொள்ளும்.

முதல் சில நாள்கள்

வந்த அன்றே குளிப்பாட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. உடம்பில் மலம், எண்ணெய், இரசாயனம் ஏதாவது ஒட்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். வாடையை இரண்டு மூன்று நாள் பொறுத்துக்கொள்வது நல்லது. புது வீடு, புது ஆள்கள், புது ஓசைகள் என்று மிரண்டு போயிருக்கும் நாய்க்கு, முதல் நாளே நாலு பேர் பிடித்து அமுக்கித் தண்ணீர் ஊற்றினால், அந்த வீட்டைப் பற்றிய அதன் முதல் நினைவு அதுவாகத்தான் இருக்கும்.

அந்த நாள்களில் செய்ய வேண்டியது தொட்டுப் பழக்குவது. நாய் சாப்பிட்டு முடித்து அமைதியாகப் படுத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தோள், முதுகு என்று அது விரும்பும் இடங்களில் முதலில் கை வைக்க வேண்டும். பிறகு காது, கால், வால் பக்கம். ஒவ்வொரு முறையும் வேகவைத்த கோழியில் ஒரு சிறு துண்டு. சீப்பைக் காட்டி ஒரு துண்டு, சீப்பால் ஒரே ஒருமுறை வாரி ஒரு துண்டு, அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடம்பு விறைப்பது ஆகியவை “போதும்” என்று நாய் சொல்லும் விதங்கள். உறுமினால் அதட்டக் கூடாது. உறுமலுக்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கப் பழகிவிடும்.

தொடும்போதே விரல்களால் தோலையும் தேடிப் பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால், முன்னங்காலின் அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடி, கழுத்துப் பட்டைக்குக் கீழே, கால் விரல்களுக்கு நடுவே ஆகியவைதான் சிக்கு விழும் இடங்கள். உரசல் எங்கே அதிகமோ அங்கே சிக்கு. உண்ணி ஒளிவதும் பெரும்பாலும் அதே இடங்களில்தான்.

கழுத்தை மட்டும் இரண்டு முறை தடவிப் பார்ப்பது நல்லது. நம்மவர்கள் வீட்டில் வளர்ந்த நாயாக இருந்தால், கண் திருஷ்டிக்கென்று குட்டியாக இருந்தபோது கட்டிய கறுப்புக் கயிறு முடிக்குள் புதைந்து கிடக்கலாம். குட்டி வளரும், கயிறு வளராது. பிள்ளைகள் விளையாட்டாகக் காலிலோ வாலிலோ மாட்டிவிட்ட ரப்பர் பேண்டும் அப்படித்தான். முடி மூடிவிடுவதால் யார் கண்ணிலும் படாமல் அது தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். அப்படி எதுவும் சதைக்குள் இறங்கியிருந்தால் வீட்டில் பிடுங்கக் கூடாது. கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மொட்டை அடிக்கலாமா?

சடைநாய் வாங்கிய எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி வராமல் போகாது. “இந்த வெயிலில் இவ்வளவு முடியா, பாவம், தைப்பூசத்துக்கு அடிப்பது போல ஒரு மொட்டை அடித்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்குமே” என்று யாராவது பெரியவர் சொல்வார். நல்ல மனத்தோடு சொல்வதுதான். பதில் மட்டும் நாய்க்கு நாய் வேறுபடும்.

கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன், ஹஸ்கி, சமோயெட், ஷெல்டி போன்றவற்றுக்கு முடி இரண்டு அடுக்காக இருக்கும். மேலே நீளமான, சற்று முரட்டு முடி; அடியில் பஞ்சு போன்ற மென்முடி. மேல்முடி வெயிலையும் மழையையும் தோலுக்கு நேராகப் போகவிடாமல் தடுக்கிறது. மனிதர்களைப் போல உடம்பு முழுவதும் வியர்த்து நாய் குளிர்வதில்லை. மூச்சிரைத்துத்தான் அது தன் சூட்டை வெளியேற்றுகிறது. வியர்வை என்று இருப்பது பெரும்பாலும் பாதத்தில்தான். ஆகவே முடியை மழித்துவிட்டால் நாம் நினைப்பது போலக் குளிர்ச்சி வந்துவிடாது. அதற்குப் பதிலாக வெயில் நேராகத் தோலில் அடிக்கும். மழித்த முடி திரும்பி வரும்போது அடிமுடி முந்திக்கொண்டு வளர்ந்து, முன்னைவிட எளிதாகச் சிக்கு விழும். பொமரேனியன் போன்ற சில வகைகளில், மழித்த இடத்தில் பல மாதங்களுக்கு முடியே வராமல் போவதும் உண்டு. இந்த வகை நாய்களுக்கு வேண்டியது கத்தரி அல்ல, உதிர்ந்து உள்ளே சிக்கிய அடிமுடியை வாரி எடுப்பது. குளிர்காலம் என்று ஒன்று இல்லாத நம் நாட்டில் இந்த முடி ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே இருக்கும். பூசை அறை வரை பறக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு தத்தெடுப்பது நல்லது.

ஷிட்சு, மால்டீஸ், பூடல், லாசா ஆப்சோ போன்றவை வேறு கதை. இவற்றின் முடி மனிதத் தலைமுடி போல வளர்ந்துகொண்டே போகும். தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் நாம் அதிகம் பார்ப்பது இந்த வகையைத்தான். இவற்றுக்கு முடியை ஓர் அங்குல நீளத்திற்குக் குறைத்து வைப்பதில் எந்தத் தவறும் இல்லை. தரை வரை முடி தொங்கும் ஷிட்சு, போட்டிக்குப் போகும் நாய்க்கும் அதற்கென்றே ஒருவரை வைத்துக்கொள்ளும் வீட்டுக்கும்தான் பொருந்தும். வேலைக்குப் போகும் குடும்பத்திற்குக் குட்டை முடிதான் நிம்மதி, நாய்க்கும் அப்படியே. ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை வெட்டிவிட்டால் போதும்.

கலப்பின நாயாக இருந்தால் முடியை விலக்கிப் பார்க்க வேண்டும். நேர்முடிக்கு அடியில் பஞ்சு மெத்தை போல அடர்ந்திருந்தால் இரண்டு அடுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு விதிவிலக்கு உண்டு. காப்பகத்திலிருந்து வந்த நாயின் உடம்பு முழுவதும் சிக்கு தோலோடு ஒட்டி, போர்வை போல ஒரே பாளமாக இருந்தால், அதைச் சீப்பால் எடுப்பது வதை. மணிக்கணக்கில் இழுத்து அழவைப்பதைவிட மழித்துவிடுவதுதான் கருணை. முடி பிறகு வளர்ந்துகொள்ளும். ஆனால் இது வீட்டில் செய்யும் வேலை அல்ல. இறுகிய சிக்கோடு தோலும் சேர்ந்து மேலெழும்பி நிற்பதால், தோல் எங்கே முடிகிறது, முடி எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கால்நடை மருத்துவர் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்து, மின்கருவியால் மெதுவாக எடுப்பார். மழித்த பிறகு தோல் சிவந்து, ஆங்காங்கே கன்றிப்போயிருக்கும். அது முடியெடுத்தவரின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. சிக்கு அவ்வளவு நாள் மறைத்து வைத்திருந்ததுதான். காதில் தொங்கிய கனமான சிக்கை எடுத்த பிறகு, நாய் தலையை ஓயாமல் உதறி, காது மடலில் இரத்தம் கட்டி வீங்குவதும் நடக்கும். வீக்கம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மழித்த நாயைச் சில வாரங்களுக்கு உச்சி வெயிலில் விடக் கூடாது.

சீப்பு பிடிக்கும் முறை

இரண்டு கருவிகள் போதும். ஒன்று, மெல்லிய வளைந்த கம்பிகள் நெருக்கமாக உள்ள பிரஷ். மற்றொன்று, ஒரு பாதி அகலப் பல்லும் மறுபாதி நெருங்கிய பல்லும் கொண்ட இரும்புச் சீப்பு. மலிவுக் கடைப் பிளாஸ்டிக் சீப்பு மேல்முடியைத்தான் தடவும், அடிக்குப் போகாது. சடைநாய் வளர்ப்பவர்களில் பலர் ஏமாறுவது இங்கேதான். நாள்தோறும் வாரிக்கொண்டிருப்பார்கள், மேலே பட்டுப் போல மின்னும். அடியில் விரலை விட்டால் பாளம் பாளமாகச் சிக்கு இருக்கும்.

நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒரு கையால் முடியை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து, தோல் ஒரு கோடாகத் தெரியும்படி வகிடு எடுக்க வேண்டும். அந்த வகிட்டுக்குக் கீழே உள்ள முடியை மட்டும் வாரிவிட்டு, அரை அங்குலம் மேலே அடுத்த வகிடு. வயிற்றுப் பக்கம் தொடங்கி முதுகு வரை இப்படியே ஏற வேண்டும். ஒரே நாளில் உடம்பு முழுவதையும் முடிக்க நினைக்க வேண்டாம். இன்று வலது பக்கம், நாளை இடது பக்கம், மறுநாள் கால்கள் என்று நாளுக்குப் பத்து நிமிடம் போதும். பிரஷ் போட்ட இடத்தில் கடைசியாக இரும்புச் சீப்பை தோலிலிருந்து நுனி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கும் தட்டாமல் போனால்தான் அந்த இடம் முடிந்தது.

சிக்கு தட்டுப்பட்டால், பெண் பிள்ளையின் கூந்தலுக்குச் சிக்கெடுக்கும் அம்மாவின் கையைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் உச்சியிலிருந்து இழுப்பதில்லை. முடியின் அடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, தோல் இழுபடாமல் காத்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பார். நாய்க்கும் அதே முறைதான். முதலில் விரல்களால் சிக்கைப் பல கூறுகளாகப் பிரித்து, சமையலறைச் சோளமாவைக் கொஞ்சம் தூவினால் இழைகள் வழுக்கும். நாய்களுக்கென்றே விற்கும் சிக்கெடுக்கும் தெளிப்பானும் உதவும். தேங்காய் எண்ணெய் தடவுவது நம் வீட்டுப் பழக்கம்தான், ஆனால் நாய் அதை நக்கிக்கொண்டே இருக்கும், மீதி எண்ணெய் தூசியைப் பிடித்து அடுத்த சிக்குக்கு அடித்தளம் போடும்.

கத்தரிக்கோலைச் சிக்கின் அடியில் விட்டு வெட்டக் கூடாது. நாயின் தோல் மனிதத் தோலைவிட மெல்லியது. சிக்கோடு சேர்த்துத் தோலையும் ஒரு துண்டு வெட்டிவிட்டு, இரத்தம் சொட்டும் நாயைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடுபவர்கள் உண்டு. தத்தெடுத்தது குட்டியாக இருந்தால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் குட்டி முடி போய்ப் பெரிய நாயின் முடி வரும் காலத்தில், நேற்று வாரியது இன்றே சிக்காகும். அந்தச் சில மாதங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட வேண்டும்.

குளியலும், குளியலைவிட முக்கியமான ஒன்றும்

சிக்கெல்லாம் எடுத்த பிறகுதான் தண்ணீர். இரண்டிலிருந்து நான்கு வாரத்திற்கு ஒருமுறை போதுமானது. வாசலில் வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வரும் தண்ணீர் தோலைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். அதை வடியவிட்டு, கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நாயின் மேல் ஊற்ற வேண்டும். மனிதர்களின் ஷாம்பூ நம் தோலின் அமிலத்தன்மைக்கு ஏற்பச் செய்யப்பட்டது. நாயின் தோல் அப்படிப்பட்டதல்ல. தொடர்ந்து போட்டால் வறண்டு, பொடுகு தட்டி, சொறியத் தொடங்கும். பாத்திரம் கழுவும் சோப்பும், தரை துடைக்கும் கிருமிநாசினியும் அறவே வேண்டாம். ஷாம்பூவை ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி ஊற்றினால் அடி வரை போகும், அலசுவதும் எளிது. வட்டம் வட்டமாகத் தேய்க்காமல், முடி விழும் திசையிலேயே விரலால் கோத வேண்டும். மருத்துவர் கொடுத்த மருந்து ஷாம்பூ என்றால் பத்து நிமிடம் நுரையோடு விட்டு வைக்க வேண்டும். போட்டவுடன் கழுவிவிட்டு “மருந்து கேட்கவில்லை” என்று சொல்வதில் பொருளில்லை.

குளிப்பாட்டுவதைவிடக் காயவைப்பது முக்கியம். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். குளித்த நாய் வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும், அடிமுடி மாலை வரை நனைந்தே இருக்கும். அந்த ஈரத்தில் ஒரே இரவில், சில மணி நேரத்திலேயே, உள்ளங்கை அகலத்திற்குத் தோல் சிவந்து கசியும் புண் தோன்றிவிடும். கோல்டன் ரெட்ரீவர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. எனவே குளியலை மாலையில் வைக்காமல் காலையில் வைக்க வேண்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு முன்னால் நிறுத்தி, குறைந்த சூட்டில் முடி உலர்த்தும் கருவியைப் பிடித்துக்கொண்டே வகிடு வகிடாக வாரினால், அடி வரை உலர்ந்துவிடும். கருவியின் சூடு முதலில் நம் கையில் பட்டுக்கொண்டே இருக்கட்டும். நாயைக் கூண்டில் அடைத்துச் சூடான காற்றை உள்ளே விடுவது ஆபத்து. அதிலும் ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைத்துச் சூட்டை வெளியேற்றும் ஆற்றலே குறைவு, வெப்பத் தாக்கு உயிரை எடுத்துவிடும்.

மழையில் நனைந்து வந்தாலும் இதே கதைதான். வெள்ள நீரிலோ சாக்கடையிலோ இறங்கி வந்தால் கையுறை போட்டுக்கொண்டுதான் கழுவ வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக் காய்ச்சல் நாய்க்கும் வரும், கழுவுபவரின் கையில் காயமிருந்தால் அவருக்கும் வரும்.

உண்ணியும் பழைய கை வைத்தியமும்

வீட்டு நாய்களில் நாம் அதிகம் காணும் பழுப்பு உண்ணி காட்டுக்குப் போனால்தான் ஒட்டும் என்பதில்லை. அது வீட்டிலேயே குடித்தனம் நடத்தும். வயிறு புடைத்த பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கி, சுவர் வெடிப்பிலும், கதவு நிலையின் இடுக்கிலும், நாய்க் கூண்டின் மூலையிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் மேல் பத்து உண்ணி தெரிந்தால் வீட்டில் இன்னும் பல மடங்கு இருக்கும். உண்ணி கடிப்பதால் வரும் எர்லிக்கியா, பபேசியா என்னும் இரத்த நோய்கள் நம் நாட்டு நாய்களிடம் சாதாரணமாகக் காணப்படுபவை. காய்ச்சல், சாப்பிடாமை, ஈறு வெளுத்துப்போதல், மூக்கில் இரத்தம் வருதல், சிறுநீர் கறுத்துப்போதல் என்று எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது.

தோட்டப்புறத்தில் சொறிநாய்க்குக் கறுப்பு எண்ணெய் பூசுவதை இன்றைக்கும் சிலர் வைத்தியம் என்று நம்புகிறார்கள். லாரியிலிருந்து வடித்த அந்த எண்ணெயை நாய் நக்கினால் குடலையும் கல்லீரலையும் கெடுக்கும், தோலை எரிக்கும். மண்ணெண்ணெயும் அப்படியே. செம்பனைக்கு அடிக்கும் பூச்சி மருந்தைக் கலக்கி நாயைக் குளிப்பாட்டுவது கொலைக்குச் சமம், அதுவும் நீள முடியில் அது நாள்கணக்கில் தங்கும். வேப்பிலை வேகவைத்த தண்ணீரால் தீங்கில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி உண்ணியை ஒழிக்க முடியாது. ஆடு மாடுகளுக்கு வாங்கிய ஐவர்மெக்டினை நாய்க்கும் கொஞ்சம் போட்டுவிடுவோம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோலி, ஷெல்டி போன்ற சடைநாய் வகைகளில் பலவற்றுக்கு அந்த மருந்து மூளையில் ஏறிவிடும். மனிதரும் மாடும் தாங்கும் மருந்தில் அந்த நாய் செத்துப்போகலாம். கலப்பின நாயின் இரத்தத்தில் என்ன கலந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

மாதம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரை, முதுகில் விடும் சொட்டு மருந்து என்று நல்ல வழிகள் இப்போது இருக்கின்றன. நாயின் எடைக்கு ஏற்றதை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும்; வலிப்பு வந்த நாய் என்றால் அதையும் சொல்ல வேண்டும். வீட்டில் பூனை இருந்தால், பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு நஞ்சு என்பதை மறக்கக் கூடாது. ஒட்டிய உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, மெதுவாக இழுத்தெடுக்க வேண்டும். சிகரெட்டால் சுடுவதோ விரலால் நசுக்குவதோ கூடாது. நாய் படுக்கும் துணியைச் சுடுநீரில் துவைத்து, சுவர் வெடிப்புகளை அடைத்தால்தான் மருந்து முழுப் பலன் தரும். நெருங்கிய பல் கொண்ட பேன் சீப்பு தெள்ளுப்பூச்சியைப் பிடிக்க நன்றாக உதவும். சீப்பில் வரும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினால் சிவப்பாகக் கரையும். அது தெள்ளுப்பூச்சியின் எச்சம்.

கண், காது, கால், பின்புறம்

ஷிட்சுவின் கண்ணில் முடி குத்தினால் கண்ணீர் வழியும், கண்ணின் கருவிழியில் புண் வரும். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து நாள்தோறும் துடைத்துவிட வேண்டும். கண்ணருகே கத்தரிக்கோலை வீட்டில் பிடிக்கவே வேண்டாம். இவ்வகை நாயைப் பிடரித் தோலை இறுக்கிப் பிடித்து அமுக்கினால் கண்விழி வெளியே பிதுங்கிவிடுவதுண்டு, பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வைக்க வேண்டும். காதுக்குள் குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு, பிறகு வெளிப்புறத்தை மட்டும் துடைக்க வேண்டும். பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டால் அழுக்கு இன்னும் ஆழமாகப் போகும். புளித்த வாடை அடித்தாலோ, தலையைச் சாய்த்துக்கொண்டே இருந்தாலோ காதில் பூஞ்சை போன்ற கோளாறு இருக்கலாம்.

திடல் ஓரத்திலும் தோட்டச் சாலையிலும் நடந்துவிட்டு வந்த நாயின் காலில் கெமுஞ்சுப் புல்லின் ஊசி விதைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். நம் கால்சட்டையில் ஒட்டுவதைத் தட்டிவிடுகிறோம். நாயின் விரலிடுக்கில் ஒட்டிய ஊசியோ தோலைத் துளைத்து உள்ளே போய் சீழ் பிடிக்கும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் பாதத்தை விரித்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. பாதத்திற்கு அடியில் நீண்டிருக்கும் முடியை முனை மழுங்கிய கத்தரியால் குறைத்துவிட்டால், ஓடு பதித்த தரையில் வழுக்கி விழாது.

பின்புறத்து முடியையும் குட்டையாக வைத்திருக்க வேண்டும். மலம் முடியில் ஒட்டிக் காய்ந்து, துவாரத்தையே அடைத்து, நாய் மலம் கழிக்க முடியாமல் தவிப்பது பார்க்கச் சகிக்காத காட்சி. ஈ வந்து முட்டையிடும் முதல் இடமும் அதுதான்.

உணவு

முடியின் பெரும்பகுதி புரதம். சோறும் குழம்பும் மட்டும் தின்னும் நாய்க்கு எந்த ஷாம்பூ போட்டாலும் முடி மங்கி, முறிந்துதான் கிடக்கும். வேகவைத்த முட்டை, கோழி, மீன் சேர்த்தாலே சில வாரங்களில் மாற்றம் தெரியும். நம் குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுப்பவை. சாப்பாடு நன்றாக இருந்தும் இரண்டு பக்கமும் சமமாக முடி கொட்டினால் சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். வட்ட வட்டமாகக் கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம், அது வீட்டிலுள்ளவர்களுக்கும் தொற்றும். கருத்தடை செய்த பிறகு சில நாய்களின் முடி பஞ்சு போல மாறி அதிகம் சிக்கு விழும். அது நோயல்ல, வாரும் நேரம்தான் கொஞ்சம் கூடும்.

கடையும் அண்டை வீடும்

குரூமிங் கடைக்குப் போவதானால், முதல் முறை முடி வெட்டாமல் சும்மா அழைத்துப்போய், அங்குள்ளவர் கையால் ஒரு தீனி வாங்கித் தின்னவைத்துத் திரும்பிவிடுவது நல்ல பழக்கம். நாய் தத்தெடுக்கப்பட்டது, எங்கே தொட்டால் பயப்படும், கடிக்க வருமா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எப்படி உலர்த்துகிறார்கள், உலரும்போது பக்கத்தில் ஆள் இருப்பாரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பதில் சொல்லத் தயங்கும் கடையில் நாயை விட்டுவிட்டு வருவதைவிட, ஒரு மாதம் காத்திருப்பது மேல்.

தாமானில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இன்னொரு விஷயமும் உண்டு. வாரிய முடியைக் காற்றில் பறக்கவிட்டால் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில்தான் போய் விழும். அண்டை வீட்டார் முஸ்லிம் குடும்பமாக இருந்தால், நாயின் ஈரம் பட்ட இடத்தை அவர்கள் சமய முறைப்படி மண் கலந்த நீர் உட்பட ஏழு முறை கழுவ வேண்டியிருக்கும். குளிப்பாட்டிய தண்ணீர் அவர்கள் பக்கம் ஓடாமலும், நனைந்த நாய் வேலியோரம் உதறாமலும் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது. வீட்டின் பின்பக்கமோ குளியலறையோ வாருவதற்கு ஏற்ற இடம். வாரிய முடியைப் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். புகார் ஒன்று நகராண்மைக் கழகத்துக்குப் போனால், நாய் உரிமம் இருக்கிறதா என்ற கேள்விதான் முதலில் வரும். அதைத் தத்தெடுத்த வாரத்திலேயே எடுத்துவிடுவது நல்லது.

2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கைக் கொடுமைக்கு உள்ளாக்குபவருக்கு 20,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நாயை வைத்திருப்பவர் அதன் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ள கடமைதான். முடியைப் பராமரிக்க நேரமில்லை என்று உண்மையிலேயே தோன்றினால், நாயைத் தெருவில் விடுவதற்கு முன் செய்யக்கூடியது எளிது. முடியைக் குட்டையாக வெட்டிவிட்டு, இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கடைக்குப் போவதற்கான நாளை நாள்காட்டியில் வட்டமிட்டு வைக்கலாம். இடைப்பட்ட நாள்களில் இரவுச் செய்தி ஓடும் நேரத்தில், இரும்புச் சீப்பும் ஒரு கிண்ணம் கோழித் துண்டும் பக்கத்தில் இருந்தால், காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் வாரி முடித்துவிடலாம்.